தேருக்காக மட்டமாக்கிய ஒழுங்கை

தம்பி,

உன் அப்பா இருந்த காலத்தில் கடிதம் எழுதினால், எங்கள் சுகத்தைச் சொல்லி உங்கள் சுகத்தைக் கேட்டுத்தான் தொடங்குவார். வீட்டுக்குள் வெள்ளம் நின்றாலும் முதல் வரி அதுவாகத்தான் இருக்கும். எனக்கு அந்த வரி இன்றைக்குக் கைக்கு வரவில்லை. எனக்குச் சுகமில்லை. பிரஷரும் இல்லை, சீனி வருத்தமும் இல்லை. அதனால் நீ பயந்துபோய் டொக்டருக்குப் போன் அடிக்க வேண்டாம். மனம்தான் சரியில்லை. இதைப் போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ கொழும்புக்குப் போன நாளிலிருந்து என் போனை எடுப்பதில்லை. எடுத்த ஒரு நாளும் "மீற்றிங்கிலை நிக்கிறன் அம்மா, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டாய். கடிதமென்றால் நீ கோபத்தில் தூக்கி எறிந்தாலும் ஒரு நாள் எடுத்துப் படிப்பாய். முந்தநாள் சுதனின் முப்பத்தோராம் நாள் காரியம். உனக்குக் கீழே சைற் சுப்பவைசராக நின்ற சுதன்தான். நான் போனேன். அங்கே சுதனின் மனுசி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். நான் பதில் சொல்லிவிட்டேன். அது வேறு வாய்களால் உன்னிடம் வந்து சேருமுன் நான் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எழுதும்போது வெளியே சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது. முற்றத்துக் கல்லை இரண்டு பேர் அலவாங்குக் கம்பியால் கிளப்பிக்கொண்டிருக்கிறார்கள். உன் கல்யாணத்துக்கு வருகிற பெண்வீட்டாரின் கார் சேற்றில் புதையக் கூடாதென்று நீ பதித்த கல். கேற்றிலிருந்து கிணற்றடி வரைக்கும் ஒரு பிடி மண் தெரியாமல் பதித்தாய். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. காலில் மண் ஒட்டாது, கூட்டுவது லேசு, வருகிறவர்கள் "நேர்ஸ் மிசியின்ரை வளவு கொழும்பு வீடு மாதிரி" என்று சொல்லும்போது சிரித்துக்கொண்டு தேத்தண்ணி கொடுத்திருக்கிறேன். மழை பெய்தால் ஒரு துளி நிற்காது. எல்லாம் கேற்றுக்குக் கீழால் ஒழுங்கைக்கு ஓடிவிடும். ஒழுங்கையிலிருந்து அது எங்கே போகிறதென்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நமக்கு எதிரே, பள்ளத்தில் இருக்கிற கனகக்காவுக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

அந்த ஒழுங்கையின் கதை உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் நான் கண்ட கதையை நான் சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கைதான் கோயிலுக்குத் தெற்கு வீதி. வெளிநாட்டுப் பிள்ளைகள் சேர்ந்து புதுத் தேர் செய்து கொடுத்தார்கள். முதல் வருசமே அந்தத் தேர் எங்கள் ஒழுங்கையில் ஒரு பக்கச் சில்லுப் புதைந்து சரிந்து நின்றது. சனம் வடத்தை விட்டுவிட்டு அரோகரா சொல்லி அழுதது. அடுத்த வருசத்துக்குள் வீதிக்குக் கல் பதிப்பதென்று கோயில் சபை முடிவெடுத்தது, வேலை உன் கொம்பனிக்கு வந்தது. மனேச்சராக நீ பொறுப்பேற்ற முதல் பெரிய வேலை, அதுவும் சொந்தக் கோயில் வீதி. சபைத் தலைவர் எங்கள் விறாந்தையில் வந்திருந்து, வீதிக்கு ஒரு பக்கமும் சரிவாக வாட்டம் இருக்கக் கூடாது, வாட்டம் இருந்தால் தேர் திரும்பவும் ஓரத்துத் தண்ணீர்க் கான் பக்கமாகச் சரியும் என்றார். கானையும் மூடி அதன்மேல் கல் பதித்தால்தான் தேரின் அகலத்துக்குக் காணும் என்றார். சுதன் கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசற்படியில் இருந்தான். கோப்பை கொடுத்தது நான்தான். அதனால் அன்று கதைத்ததில் ஒரு சொல்லையும் நான் மறக்கவில்லை.

"வாட்டம் இல்லாட்டித் தண்ணி எங்காலை போறது, அண்ணை?" என்று அவன் கேட்டான். அது பெரிய படிப்புப் படித்தவன் கேட்கிற கேள்வி இல்லை. வீட்டு முற்றம் கழுவுகிற எவரும் கேட்கிற கேள்விதான். நீ தலைவரின் முகத்தைப் பார்த்தாய். பிறகு சுதனைப் பார்த்துச் சொன்னாய்: "நீ மட்டமாப் போடு. உது என்ரை பொறுப்பு." அவன் "ஓம் சேர்" என்றான். நீங்கள் இரண்டு பேரும் அந்தக் கொம்பனியில் ஒரே காலத்தில் சேர்ந்தவர்கள். அவன் உன்னை அண்ணை என்று கூப்பிட்டுப் பழகியவன். ஆட்கள் முன்னால் சேர் என்று சொல்லு என்று நீ மனேச்சரானதும் அவனுக்குச் சொல்லியிருந்தாயாம். அன்றைக்குக் கேள்வியை அண்ணை என்று கேட்டு, பதிலைச் சேர் என்று முடித்தான். அதை அப்போது நான் ஒரு வேடிக்கையாகத்தான் பார்த்தேன்.

"உது என்ரை பொறுப்பு" என்று நீ சொன்னபோது, தம்பி, நான் உள்ளே போய்ச் சந்தோசப்பட்டேன். அது எங்கள் ஆஸ்பத்திரியின் பெரிய மிசி, என் மேற்றனின் வசனம். நான் தாதியாகச் சேர்ந்த புதிதில், என்னோடு படித்த ஒருத்தி ஒரு நோயாளிக்கு மற்றக் கட்டில்காரரின் மருந்தை ஏற்றிவிட்டாள். ஆளுக்குப் பெரிய பாதிப்பு வரவில்லை, ஆனால் பெரிய டொக்டர் வார்ட் நடுவில் நின்று அவளைக் கிழிக்கத் தொடங்கினார். மேற்றன் கட்டையான மனுசி, டொக்டரின் நெஞ்சளவுகூட வரமாட்டா. இடையில் போய் நின்று, "வார்ட் என்ரை பொறுப்பு. கதைக்கிறதெண்டா என்னோடை கதையுங்கோ" என்றா. டொக்டர் முழுவதையும் அவவிடம் கொட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மேற்றன் அந்தப் பெட்டையைத் துணி வைக்கிற அறைக்குள் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்திக் கொடுத்த ஏச்சு இருக்கிறதே, டொக்டர் கொடுத்தது அதற்குக் கிட்டவும் வராது. ஆனால் கதவு சாத்தியிருந்தது. வெளியே வந்த பெட்டை அதன்பிறகு வேலையை விட்டுப் போகும் வரைக்கும் எந்த மருந்தையும் பெயர் கேட்காமல் ஏற்றவில்லை. இந்தக் கதையைச் சின்ன வயதில் உனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். நீ வசனத்தை மட்டும் பாடமாக்கிவிட்டாய் என்று இப்போதுதான் விளங்குகிறது.

ஆனி மாதம் தேர் ஓடியது. ஒரு நூல் சரியவில்லை. தலைவர் உனக்குப் பொன்னாடை போர்த்தினார், நான் பெண்கள் பக்கத்தில் நின்று அழுதேன். கார்த்திகை கடைசியில் மழை வந்தது. இரவு பகல் விடாமல் ஊற்றியது. எங்கள் வளவுத் தண்ணீர், மேட்டுப் பக்கத்து வளவுகளின் தண்ணீர், கோயில் வீதித் தண்ணீர் எல்லாம் அந்த மட்டமான ஒழுங்கையில் வந்து நின்றன. முந்தி வேலி இருந்த இடமெல்லாம் இப்போது மதில். ஊடுருவிப் போக வழியில்லை. கான் கல்லுக்குக் கீழே. பள்ளப் பக்கத்து வீடுகளின் வாசல் மட்டுமே திறந்திருந்தது, தண்ணீர் அங்கே போனது. கனகக்காவின் குசினியில் அடுப்பை மூடித் தண்ணீர் நின்றது. கக்கூசுக் குழியும் கிணறும் ஒன்றாகிவிட்டன. அவவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து எங்கள் விறாந்தையில் வைத்தார்கள். எங்கள் முற்றத்தில் ஒரு துளி நிற்கவில்லை. அவ அதைப் பார்த்தா. நான் வெட்கத்தில் குசினிக்குள் போய்விட்டேன்.

நீ அன்றைக்கு அலுவலாகக் கொழும்பில் நின்றாய். சனம் உனக்குப் போன் அடித்தது, நீ சுதனுக்கு அடித்து, "போய் ஏதாவது செய்" என்றாய். அவன் அச்சுவேலியிலிருந்து அந்த மழைக்குள் மோட்டச்சைக்கிளில் வந்தான். வேலையாட்கள் ஒருவரும் வரவில்லை, யார்தான் வருவார்கள்? அவனே அலவாங்கோடு முழங்காலளவு தண்ணீருக்குள் இறங்கினான். கான் போகிற இடத்தைக் காலால் தடவித் தடவிக் கல்லைக் கிளப்பினான். தான் பதித்த கல்லைத் தானே கிளப்பினான். தண்ணீர் வடியும் வரைக்கும் மூன்று நாளும் அவன்தான் வந்தான். கல்லின் விளிம்பு குதிக்காலைக் கிழித்துவிட்டது. எங்கள் விறாந்தையில் இருத்தி நான்தான் கழுவிக் கட்டினேன். "தம்பி, இது கக்கூஸ் தண்ணி, எலித் தண்ணி. எலிக்காய்ச்சல் வரும். சுகாதாரப் பகுதியிலை போய்க் குளிசை வாங்கிப் போடும்" என்றேன். "ஓம் மிசி" என்றான். திரும்பவும் தண்ணீருக்குள் இறங்கினான்.

ஓம் என்பதில் எத்தனை வகை இருக்கிறதென்று நான் வார்ட்டில் கற்றேன். விளங்கிச் சொல்கிற ஓம் ஒன்று. விளங்காமல், கேட்க வெட்கப்பட்டுச் சொல்கிற ஓம் ஒன்று. கதையை முடித்தால் வேலையைப் பார்க்கலாம் என்று சொல்கிற ஓம். மாட்டேன் என்று சொல்ல வாய் வராமல், வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்று சொல்கிற ஓம். ஒருவருக்கு மேலே இன்னொருவரை வைக்கிறார்கள் என்றால், இந்த ஓம்களைப் பிரித்து அறிகிறதற்காகத்தான் வைக்கிறார்கள். மற்றதெல்லாம் யாரும் செய்துவிடலாம். நீ இனி எத்தனை பேருக்கு மனேச்சரோ எனக்குத் தெரியாது. உன் அறைக்குள் வந்து ஓம் சேர் என்று சொல்லிவிட்டுப் போகிறவனின் முகத்தைக் கதவடி வரைக்கும் பார். திரும்பும்போதுதான் முகம் உண்மையைக் காட்டும். இவ்வளவு தெரிந்த நானே அன்றைக்கு அவனுடைய ஓமை நம்பிவிட்டேன், அதுவும் எனக்கு நெஞ்சில் கிடக்கிறது.

மார்கழி பிறந்து கொஞ்ச நாளில் ஒரு மத்தியானம், நீ கேட்டதென்று மட்டம் பார்க்கிற மெசினைக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போக வந்தான். கேற்றடியில் நின்றவனின் கண்ணைப் பார்த்தேன். இரண்டும் சிவந்து போயிருந்தன. கெண்டைக்காலைத் தொட்டதும் துடித்தான். எலிக்காய்ச்சல்தான், நான் முப்பது வருசம் பார்த்த வருத்தம், பெயர் சொல்ல இரத்தம் சோதிக்கத் தேவையில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன். சேரிட்டை லீவு கேட்டனான், தை பிறக்க முந்திக் கல்யாண மண்டபத்து முற்றத்துக் கல்வேலை முடிய வேணுமாம், என்றான். அப்போதுதான் அவனை விறாந்தையில் இருத்திவிட்டு உனக்குப் போன் எடுத்தேன். நினைவிருக்கிறதா? நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அம்மா, உங்களுக்குக் காய்ச்சல் எண்டாலே ஆஸ்பத்திரிதான். ரெண்டு நாள் சமாளிக்கட்டும். முடிச்சிட்டு ஒரு கிழமை லீவு குடுக்கிறன்."

போனில் உன் குரல் பெரிது. அவனுக்குக் கேட்டது. "சேர் பாவம் மிசி, அவருக்கும் மேலையிருந்து இடி" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனான். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, மண்டபத்துக்குப் போனான். அந்த இரண்டு நாளும் போய், அதற்கடுத்த நாள் வேலைத்தலத்தில் விழுந்தான், ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் தினமும் போய்ப் பார்த்தேன். கண் மஞ்சளாகிவிட்டது, சலம் போவது நின்றுவிட்டது, மெசினில் போட்டு இரத்தம் சுத்திகரித்தும் பிடிக்கவில்லை. கடைசியாக அவன் என்னோடு கதைத்தது உனக்குச் சொல்லச் சொல்லித்தான்: "மண்டபத்திலை தெற்குப் பக்கம் மட்டும்தான் மிச்சம் மிசி. தண்ணி போற மாதிரி வாட்டம் விட்டுத்தான் வைச்சிருக்கிறன் எண்டு சேரிட்டைச் சொல்லுங்கோ." நான் உனக்குச் சொன்னேன். நீ "ஓம் ஓம்" என்றாய். அடுத்த நாள் விடிய அவன் போய்விட்டான்.

செத்த வீட்டுக்கு நீ வந்தாய். கொம்பனியின் மலர்வளையத்தோடு வந்து, சப்பாத்துக் கழற்றாமல் முற்றத்தோடு நின்றுவிட்டுப் போனாய். அதற்குக்கூட நான் உன்னைக் குறை சொல்லவில்லை. குற்றம் உள்ளே கிடந்து அரிக்கிறவனுக்கு வீட்டுக்குள் போகக் கால் வராதென்று நினைத்து, எனக்குள் உனக்காக அழுதேன். அவன் வருத்தம் வந்து செத்தான், அதற்கு நீ மட்டும் காரணமென்று நான் சொல்ல மாட்டேன். லீவு கொடுத்திருந்தாலும் தப்பியிருப்பானா என்பது எனக்கும் தெரியாது. தாயின் வாய் அதைத்தான் சொல்லும். தாதியின் மனம் வேறு கணக்குப் போடும், அதை நான் உனக்கு எழுதப் போவதில்லை.

என் நெஞ்சு உடைந்தது அதற்குப் பிறகுதான். தை மாதம் கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். பள்ளப் பக்கத்துச் சனம் எல்லாம் வந்தது. வீதி ஏன் மட்டமாய்ப் போடப்பட்டது, கானை மூடச் சொன்னது யார் என்று கேட்டார்கள். கனகக்காவின் மருமகன் எழும்பிக் கொஞ்சம் சத்தமாகவே கேட்டான். நீ வெள்ளைச் சட்டையோடு எழும்பினாய். நான் பெண்கள் பக்கத்தில் தூணோடு இருந்தேன். நீ இப்போது சொல்வாய், "உது என்ரை பொறுப்பு" என்று நீ இப்போது சொல்வாய் என்று மனதுக்குள் பிள்ளையாரைக் கும்பிட்டேன். நீ சொன்னாய்: "நான் வாட்டம் விடச் சொல்லித்தான் சொன்னனான். சைற்றிலை நிண்டவர் பிழையா வைச்சிட்டார். ஆள் இப்ப உயிரோடை இல்லை, அதாலை நாங்கள் அதைப் பெரிசாக்க விரும்பேல்லை." தலைவர் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சனம் உச்சுக் கொட்டியது, சிலர் உன் பெருந்தன்மையை மெச்சினார்கள். நான் எழும்பவில்லை, தம்பி. எழும்பியிருக்க வேண்டும். பெற்ற பிள்ளையை ஊர் முன்னால் பொய்யனாக்க எனக்குக் கால் எழும்பவில்லை.

வீட்டுக்கு வந்து உன்னிடம் கேட்டேன். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. நீ சோற்றைப் பிசைந்துகொண்டு, "செத்தவனுக்கு இனி என்ன நட்டம் அம்மா? எனக்கு இன்னும் எவ்வளவு காலம் வேலை செய்ய வேணும்" என்றாய். உன் மனுசி தலையைக் குனிந்துகொண்டாள். நான் உன் சோற்றுக் கோப்பையில் குழம்பு விட்டுக்கொண்டிருந்தேன், அகப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனேன். அடுத்த நாள் கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு, பெரிய பதவிக்கு நீ புறப்பட்டாய். வான் வண்டியில் பெட்டிகள் ஏறின, உன் மனுசி என்னைக் கட்டிப் பிடித்து அழுதுவிட்டு ஏறினாள். நீ போனைக் காதில் வைத்துக்கொண்டு ஏறினாய். போட்டு வாறன் என்று விடைபெற ஒரு சொல் சொல்லவில்லை. கேற்றடியில் வான் மறையும் வரைக்கும் நின்றேன்.

வேலையில் பெரிய ஆளாக இருப்பதென்றால் என்ன என்று நீ அந்தக் கூட்டத்தில் தப்பாக விளங்கியிருக்கிறாய் என்று நினைக்கவும் ஆசைப்படுகிறேன். நீ பார்க்காத ஒன்றாக இருந்தால் மன்னித்துவிடுவேன். ஆனால் நீ பார்த்தாய். சண்டைக்குப் பயந்து ஊரோடு இடம்பெயர்ந்த அந்த மழை நாளில் உனக்கு எட்டு வயது. ஆஸ்பத்திரியில் நடக்க முடியாத நோயாளிகளை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினோம். அப்பா முன்னே போய்விட்டார், நீ என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பெட்டியின் மூலையில் இருந்தாய். எல்லாரும் ஏறியதும் மேற்றனுக்கு இடமில்லை. தாதிமார் இறங்கி நடக்கிறோம் என்றோம். அவ எங்களை ஏசி இருத்திவிட்டு, பெட்டிக்குப் பின்னால் நாவற்குழிப் பாலம் தாண்டும் வரைக்கும் நடந்தே வந்தா. நீ என்னைக் கேட்டாய், "பெரிய மிசி ஏன் ஏறேல்லை?" என்று. "அவதானே பெரியவ" என்றேன். அது உனக்கு விளங்கியதென்றுதான் இவ்வளவு காலமும் நம்பிக்கொண்டிருந்தேன்.

இனி முந்தநாள் கதை. காலையில் மானிப்பாயில் பஸ் ஏறி, ரவுணில் இறங்கி அச்சுவேலி பஸ் பிடித்தேன். கீரிமலைக்குக் கிரியை செய்யப் போனவர்கள் திரும்பி வந்து படையல் எல்லாம் முடிந்திருந்தது. சுதனின் தகப்பன் விறாந்தையில் சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். அவர் கோயில் கூட்டத்துக்குப் பிறகு வெளியே இறங்குவதில்லையாம், தன் பிள்ளை ஊரை வெள்ளத்தில் விட்டவன் என்ற கதையைக் கேட்டுக்கொண்டு கடைக்குப் போக முடியவில்லையாம். சுதனின் மனுசி தர்சினி எனக்குச் சாப்பாடு போட்டாள். நான் கை கழுவியதும் பக்கத்தில் வந்து இருந்தாள். மெல்லத்தான் கேட்டாள்.

"மிசி, உங்கடை வீட்டு விறாந்தையிலை வைச்சுத்தானே உந்த வேலையைக் கதைச்சவை. அவர் பிழையாத்தான் வைச்சவரோ? எனக்கு மட்டும் சொல்லுங்கோ. நாளைக்குப் பிள்ளை கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

ஒரு பொய் போதும், தம்பி. எனக்குத் தெரியாது பிள்ளை என்றால் கதை முடிந்துவிடும். நீ என் ஒரே பிள்ளை, நாளைக்கு எனக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன். இதெல்லாம் ஒரு கணத்தில் மனதில் ஓடியது. ஆனால் அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இல்லைப் பிள்ளை. அவன் கேட்டவன், தண்ணி எங்காலை போறதெண்டு. என்ரை மகன்தான் மட்டமாப் போடச் சொன்னவன். தன்ரை பொறுப்பெண்டும் சொன்னவன். நான் பக்கத்திலை நிண்டு கேட்டனான்" என்றேன். எனக்கு மட்டும் சொல்லுங்கோ என்றவளுக்கு மட்டும் சொல்ல வேண்டிய கதையாக அது எனக்குப் படவில்லை. விறாந்தைக்குக் கேட்கத்தான் சொன்னேன். சுதனின் தகப்பன் கதிரையைத் திருப்பிக்கொண்டு இருந்தார். அந்த மனுசன் சனத்தின் முகத்தைப் பார்த்தார். தர்சினி என் மடியில் கவிழ்ந்து அழுதாள். நானும் அழுதேன். அவள் தன் புருசனுக்கு அழுதாள், நான் உனக்கு அழுதேன்.

செத்த வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு போவதில்லை, உனக்குத் தெரியும். நான் பேசாமல் எழும்பிச் செருப்பைப் போட்டுக்கொண்டு படலையைத் தாண்டிவிட்டேன். பின்னால் ஓடி வந்து கையைப் பிடித்தாள். "மிசி, சொல்லிப்போட்டுப் போங்கோ" என்றாள். அந்த ஒழுங்கையில் நின்றுதான் சொன்னேன், போட்டு வாறன் பிள்ளை என்று.

வருகிற பௌர்ணமிப் போயா நாளில் கோயில் மண்டபத்தில் திரும்பவும் கூட்டம். கல் முழுவதையும் கிளப்பி, கானைத் திறந்து, வாட்டம் விட்டுப் பதிக்கப் போகிறார்கள். தேர் கொஞ்சம் சரிந்தால் முட்டுக்கொடுத்து இழுக்கலாம் என்று தலைவரும் இப்போது ஒத்துக்கொண்டுவிட்டார். முதலில் எங்கள் முற்றத்துக் கல் கிளம்பட்டும் என்றுதான் நான் இந்த இரண்டு பேரையும் வேலைக்குப் பிடித்துவிட்டேன். அந்தக் கூட்டத்துக்கு நீ வர வேண்டும். எழுதி அனுப்ப வேண்டாம். அன்று நின்ற அதே இடத்தில் நின்று, சொல்ல வேண்டிய ஒரு வசனத்தைச் சொல். உன் பதவி போகலாம், போகாமலும் இருக்கலாம். எது நடக்குமென்று எனக்குத் தெரியாது, தெரிந்ததுபோல் உனக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். நீ வராவிட்டால் இந்தத் தரம் நான் எழும்புவேன். கால் எழும்பாவிட்டாலும் இருந்தபடி சொல்வேன். அதை நீ சொன்னால் எனக்கு ஒரு பிள்ளை மிஞ்சும். நான் சொன்னால் என்ன மிஞ்சும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

வருகிற அன்று முதலில் அச்சுவேலிக்குப் போ. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய் இரு. தர்சினி சொல்லிவிட்டுப் போகச் சொன்னால் சொல்லிவிட்டு வா, சொல்லாவிட்டால் பேசாமல் எழும்பி வா, அது அவளுடைய இஷ்டம். பிறகு இங்கே வா. நீ போன நாளிலிருந்து இந்த வீடும் ஒரு செத்த வீடாகத்தான் கிடக்கிறது. நீ அப்படித்தான் இதைவிட்டுப் போனாய். என்னோடு ஒன்றும் கதைக்காவிட்டாலும் பரவாயில்லை. கேற்றடியில் ஒரு நிமிசம் நின்று, அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிட்டுத் திரும்பவும் போ.

அம்மா